இழுத்துப் போகாமல் கூடப் போக: மாற்றுத்திறன் பிள்ளைகளோடு பழக மற்றப் பிள்ளைகளைத் தயார்செய்வது எப்படி

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளி. மத்தியானச் சோற்று வரிசை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், கண் தெரியாத தன் வகுப்புப் பெண்ணை மணிக்கட்டைப் பிடித்து வேகவேகமாக இழுத்துக்கொண்டு வந்தான். அவளுடைய இன்னொரு கையில் தட்டு. வாசற்படியில் கால் தட்டியது, ஒரு செருப்பு அங்கேயே கழன்றுவிட்டது. "சீக்கிரம் வா, உனக்குத்தான் முதல்ல வாங்கித் தர்றேன்" என்கிறான் அவன். நல்ல மனசு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் வரிசையில் நின்றதும் என்னிடம் மெதுவாகக் கேட்டது இதுதான்: "டீச்சர், என் செருப்பு எங்க இருக்கு?"

அந்தச் செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்த நாளிலிருந்து இந்த வேலையை நான் முறையாகச் செய்துவருகிறேன், முதலில் பள்ளியில், இப்போது ஊர் வாயனசாலையின் (நூலகத்தின்) சிறுவர் மன்றமான பாலவேதியில். பிள்ளைகளுக்கு இரக்கத்தைக் கற்றுத் தர வேண்டியதே இல்லை, அது அவர்களிடம் வேண்டிய அளவு இருக்கிறது. கேட்பதற்கும், கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நிற்பதற்கும்தான் பழக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிற ஆசிரியர், அங்கன்வாடி டீச்சர், பாலவேதி நடத்துகிற அக்கா, அண்ணன் யாராக இருந்தாலும், நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள்

வகுப்பில் எதுவும் பேசுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. பிள்ளையின் அம்மா அப்பாவிடமும், முடிந்த அளவு பிள்ளையிடமும் மூன்று விஷயம் கேளுங்கள். வகுப்பில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது? எதில் உதவி வேண்டும்? எதில் வேண்டவே வேண்டாம்? மூன்றாவது கேள்விக்கு வருகிற பதில்தான் பெரும்பாலும் நம்மை ஆச்சரியப்படுத்தும். ஒரு பையன் சொன்னான்: "என் பையை யாரும் தூக்க வேண்டாம். தண்ணி பாட்டில் மூடியை மட்டும் திறந்து குடுத்தாப் போதும்." அவனுடைய பையைத் தூக்க அதுவரை தினமும் நான்கு பேர் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நம் எல்லை ஊர்களில் இன்னொன்றும் கேட்டே ஆக வேண்டும்: பிள்ளைக்கு எந்த மொழி கைவசம்? வீட்டில் தமிழ். பி.ஆர்.சி. என்கிற வட்டார வள மையத்திலிருந்து வரும் ஸ்பெஷல் எஜுகேட்டர் டீச்சரோ, பேச்சுப் பயிற்சி தருபவரோ பேசுவது பெரும்பாலும் மலையாளம். மருத்துவமனைக்குப் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போனால் மறுபடி தமிழ். நன்றாகப் பேசுகிற பிள்ளை இரண்டையும் கலந்து சமாளித்துவிடும். பேச்சு தாமதமான பிள்ளை மலையாளத்தில் 'வெள்ளம்' என்பதா தமிழில் 'தண்ணி' என்பதா என்று தடுமாறி, கடைசியில் எதையும் கேட்காமலே இருந்துவிடும். இரண்டில் ஒன்றை எல்லாரும் சேர்ந்து முடிவு செய்து, அதையே வீட்டிலும் வகுப்பிலும் பயிற்சியிலும் வைத்துக்கொள்ளுங்கள். படங்களைக் காட்டிப் பேசும் அட்டைகளில் இரண்டு மொழியிலும் எழுதி வைத்தால் சுற்றியிருப்பவர்களுக்குக் குழப்பம் தீரும். அந்த அட்டைகளை எழுதவும் படம் வரையவும், கூட இருந்து உதவ நாம் சேர்க்கப்போகிற கூட்டாளிப் பிள்ளைகளையே விடலாம்.

யாரைச் சேர்ப்பது

ஒரே ஒரு பிள்ளையை நியமித்து "இனி நீதான் இவளைப் பார்த்துக்கணும்" என்று சொல்லாதீர்கள். அந்த ஒருவர் ஒரு மாதத்தில் களைத்துவிடுவார், இல்லாவிட்டால் குட்டி அதிகாரியாகிவிடுவார். அவர் லீவு போட்ட அன்று இந்தப் பிள்ளை திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கும். ஐந்தாறு பேர் வேண்டும், முறை மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் ரேங்க் வாங்குகிறவர்களாகப் பொறுக்கவும் வேண்டாம். மூலை பெஞ்சுக் குறும்புக்காரர்கள் இதில் அருமையாக வருவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு விளையாட்டு தெரியும், சண்டை தெரியும், சமாதானமும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பிள்ளைக்கு யாரைப் பிடிக்கும் என்று கேளுங்கள். பேச முடியாத பிள்ளையாக இருந்தால் இரண்டு நாள் சும்மா கவனியுங்கள். யார் பக்கத்தில் வந்தால் முகம் மலர்கிறது என்பது தானாகத் தெரியும்.

சேர்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பி.டி.ஏ. கூட்டத்தில் "என் பிள்ளை படிப்பு கெட்டுப்போகாதா" என்று யாராவது கேட்பார்கள். கோபப்பட வேண்டாம். வாரத்தில் எத்தனை நேரம், என்ன செய்யப்போகிறார்கள் என்று தெளிவாகச் சொன்னால் போதும்.

முதல் கூட்டம்: சொற்கள்

கரும்பலகையில் எதுவும் எழுதாமல் வட்டமாக உட்காருங்கள். உடல்குறை உள்ளவர்களை ஊரில் என்னென்ன பேரில் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். கொட்டித் தீர்ப்பார்கள். நொண்டி, செவிடு, குருடு, லூசு, மலையாளத்தில் பொட்டன், மந்தன். யாரையும் திட்டாதீர்கள். அந்தச் சொற்களை அவர்கள் உண்டாக்கவில்லை, பெரியவர்களிடம் கேட்டவைதான். அடுத்து ஒரு கேள்வி: "இதில் எந்தச் சொல்லை உன் தங்கச்சியைப் பார்த்து ஒருத்தர் சொன்னால் உனக்குக் கோபம் வரும்?" சத்தம் அடங்கும். அந்த அமைதியில்தான் பாடம் இருக்கிறது, நீங்கள் அதன்மேல் பேச வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி என்கிறார்கள், கேரளத்தில் பின்னசேஷி. இரண்டையும் சொல்லிக்கொடுங்கள், அப்புறம் முக்கியமானதைச் சொல்லுங்கள்: பள்ளியில் இரண்டுமே பெரும்பாலும் தேவைப்படாது. அவளுக்கு ஒரு பேர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

பிள்ளைகளின் சந்தேகங்களுக்கும் அன்றே இடம் கொடுங்கள். "தொட்டால் ஒட்டிக்குமா?" "போன ஜென்மப் பாவமா?" இதை அவர்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள். ஒட்டாது, பாவமும் இல்லை, யாருடைய தப்பும் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள்.

கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொல்லி, "பார், எவ்வளவு கஷ்டம்" என்று காட்டுவதை நான் விட்டுவிட்டேன். பிள்ளைகள் பயந்துதான் போகிறார்கள். வருஷக்கணக்காக அப்படியே வாழ்ந்து பழகியவளுக்கு இருக்கும் சாமர்த்தியம் ஐந்து நிமிஷக் கண்கட்டில் யாருக்கும் விளங்காது.

இரண்டாவது கூட்டம்: கேள், நில், செய்

பிள்ளைகளுக்கு நான் தரும் விதி இந்த மூன்று சொல்தான். "உதவி வேணுமா?" என்று கேள். பதில் வரும்வரை நில். என்ன சொன்னார்களோ அதைச் செய். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் விட்டுவிடு. இதில் கஷ்டமானது நடுவில் உள்ள 'நில்'. பேச்சு மெதுவாக வருகிற பிள்ளை பதில் சொல்வதற்குள் மற்றவர்கள் மூன்று தடவை கேட்டுவிடுகிறார்கள். மனசுக்குள் பத்து எண்ணச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப இருவர் இருவராகப் பழக்குங்கள்.

பிறகு நடை. கண் தெரியாதவரை நாம் பிடிக்கக்கூடாது, அவர் நம்மைப் பிடிக்க வேண்டும். கூட்டாளி தன் புறங்கையால் அவள் கையை லேசாகத் தொட்டு, "என் முழங்கையைப் பிடிச்சுக்கோ" என்பான். அவள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்வாள். அவன் அரை அடி முன்னால் நடப்பான். அவன் உடம்பு திரும்பினால், ஏறினால், இறங்கினால் எல்லாம் அந்தக் கை வழியாகவே அவளுக்குத் தெரிந்துவிடும். படி வந்தால் ஒரு நொடி நின்று "மேலே ஏற படி" அல்லது "கீழே இறங்க படி" என்று சொல்ல வேண்டும். வெறும் "படி" போதாது, ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல் கால் தவறும். தென்னந்தோப்பு வரப்பு மாதிரி ஒற்றையடி இடமாக இருந்தால் அவன் தன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவான். அவள் அவனுக்கு நேர் பின்னால் வந்துவிடுவாள். "அங்க இருக்கு, இங்க இருக்கு" என்பதை மறக்கச் சொல்லுங்கள். "உன் வலது கைக்கு ஒரு முழம் தள்ளி" என்று சொல்லட்டும். கிளம்பும்போது சொல்லாமல் கிளம்பக்கூடாது, அவள் காற்றோடு பேசிக்கொண்டிருப்பாள்.

முதல் பத்தியில் வந்த பையனுக்கு இதைப் பழக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நடந்து பழகும்போது, யார் சரியாக நடத்துகிறார்கள் என்று மார்க் போடும் பொறுப்பை அவளிடமே கொடுத்தேன். அவனுக்குப் பத்துக்கு நான்கு.

காது மெஷின் வைத்திருக்கும் பிள்ளையோடு பேசுவதற்கு முன், எதிரில் வந்து முகம் தெரியும்படி நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பயனில்லை. வாயைக் கையால் மறைக்கக்கூடாது, கத்தவும் கூடாது. கத்தினால் உதட்டின் அசைவு கோணலாகிவிடும், மெஷினுக்குள் சத்தம் அடைத்துக்கொள்ளும். நம் பக்கத்துக்கு மட்டும் ஒரு சேதி: ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் மாதங்களில், பனைமரத்தடியில் நின்று பேசினால் அந்தக் காற்று மெஷினுக்குள் பெரும் இரைச்சலாகக் கேட்கும். பிள்ளை எரிச்சலோடு மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளும். சுவர் மறைவாக உள்ளே வந்து பேசுங்கள்.

சக்கர நாற்காலி என்பது அதில் உட்கார்ந்திருப்பவரின் உடம்பு மாதிரி. சாயக்கூடாது, கேட்காமல் தள்ளக்கூடாது, நிறுத்தினால் பிரேக் போட வேண்டும். மழை பெய்தால் இங்கே கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். அந்த நாட்களில் மைதானத்தை விட்டுவிட்டு வராந்தாவில் விளையாட்டை வையுங்கள், எல்லாருக்குமாக. சாய்தளம் அளப்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை. ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது கணக்கு, அதாவது 1:12. வாசற்படி 7 அங்குலம் என்றால் சாய்தளம் 7 அடி. ஸ்கேலும் கயிறும் கொடுத்துப் பள்ளி முழுக்க அளக்கச் சொன்னால், எந்தச் சாய்தளம் பேருக்குக் கட்டியது என்று அவர்களே பட்டியலோடு வந்து நிற்பார்கள். பஞ்சாயத்து மெம்பரிடம் கொடுக்க அதைவிட நல்ல மனு கிடையாது.

ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்குச் சத்தம் வலியாகவே இருக்கும். உற்சவத்துக்குச் செண்டை, பள்ளி விழாவுக்கு மைக், அசெம்பிளி மணி. காதைப் பொத்திக்கொண்டு கத்துவது அடம் இல்லை என்று பிள்ளைகளுக்குப் புரிய வையுங்கள். மணி அடிக்கும் முன் ஒருவர் வந்து "இப்ப மணி அடிக்கப்போகுது" என்று சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். இன்று என்னென்ன நடக்கும் என்று வரிசையாகப் படம் ஒட்டிய அட்டை ஒன்று சுவரில் இருக்கட்டும். வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், அந்த அட்டை எனக்கே உதவுகிறது.

வலிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஊர்வழக்கம் ஆபத்தானது. கையில் சாவி கொடுக்கக்கூடாது, வாயில் ஸ்பூன் வைக்கக்கூடாது, கை கால்களை அமுக்கிப் பிடிக்கக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது. பக்கத்தில் உள்ள பெஞ்சை நகர்த்து, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வை, ஒருக்களித்துப் படுக்க வை, கடிகாரம் பார், டீச்சரைக் கூப்பிட ஒருவரை அனுப்பு. 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108. வலிப்பு நின்றதும் சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கலைப்பது கூட்டாளிகளின் வேலை. கண் திறக்கும்போது நாற்பது முகங்கள் குனிந்து பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் தாங்காது.

விளையாட்டில்தான் உண்மை தெரியும்

அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்ன ஒன்று இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும். வேறுவேறு ஆட்களை ஓரிடத்தில் உட்காரவைப்பதால் மட்டும் முன்முடிவு மாறாது. சமமான இடம், பொதுவான ஓர் இலக்கு, சேர்ந்து செய்யும் வேலை, பெரியவர்களின் ஆதரவு, இவை இருந்தால் மாறும். "பாவம், அவனும் நிக்கட்டும்" என்று மைதானத்தின் ஓரத்தில் பந்து பொறுக்க விடுவதில் இந்த நான்கும் இல்லை.

பிள்ளைகளிடம் கேளுங்கள்: "இவனும் ஆட வேண்டும், ஆட்டமும் சுவாரசியமாக இருக்க வேண்டும். எந்த விதியை மாற்றலாம்?" அவர்கள் மூளை இதில் நம்முடையதைவிட வேகம். கண் தெரியாதவர்கள் ஆடும் கிரிக்கெட்டில் பந்துக்குள் சத்தம் எழுப்பும் குண்டுகள் இருக்கும், பந்தைத் தரையோடு உருட்டிப் போடுவார்கள். அதைச் சொன்னதும் எங்கள் பிள்ளைகள் பிளாஸ்டிக் பந்தைக் கீறி உள்ளே சைக்கிள் பால்ரஸ் போட்டு ஒட்டிவிட்டார்கள். பல்லாங்குழிக்கு எந்த மாற்றமும் தேவையில்லை, கையால் தடவியே ஆடலாம். அதில் அந்தக் கண் தெரியாத பெண் எல்லாரையும் தோற்கடிக்கிறாள்.

விட்டுக்கொடுத்து ஜெயிக்க வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அது உடனே தெரியும், ஜெயித்த பிள்ளைக்கும் தெரியும்.

அவளும் கற்றுத்தர வேண்டும்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் முக்கியமான படி இதுதான். உதவி ஒரே பக்கமாக ஓடினால் அது நட்பாகாது. இரண்டாவது மாதத்துக்குள் அந்தப் பிள்ளை மற்றவர்களுக்கு எதையாவது கற்றுத் தரும் நாள் ஒன்று வர வேண்டும்.

நான் செய்தது: முட்டை அட்டையிலிருந்து ஆறு குழி வரும்படி வெட்டிக்கொண்டோம், இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. இடது வரிசை மேலிருந்து 1, 2, 3. வலது வரிசை 4, 5, 6. புளியங்கொட்டை வைத்தால் அது புள்ளி. பிரெயில் எழுத்து தயார். முதல் குழியில் மட்டும் கொட்டை இருந்தால் 'அ'. 1, 3 இரண்டிலும் இருந்தால் 'க'. அவள் வைத்துக் காட்ட, மற்றவர்கள் தடவிப் பார்த்துச் சொன்னார்கள். மலையாள மீடியத்துப் பையன் ஒருவன், "எங்க 'க' எப்படி?" என்று கேட்டான். "இதேதான்" என்றாள் அவள். பாரதி பிரெயில் அப்படித்தான் அமைந்திருக்கிறது: இந்திய மொழிகளில் ஒரே ஒலிக்குப் பெரும்பாலும் ஒரே புள்ளிகள். கண்ணால் பார்த்தால் வேறு வேறாக இருக்கும் இரண்டு எழுத்தும் விரலுக்கு ஒன்று. அவன் நம்பாமல் மூன்று தடவை தடவினான். பிறகு பலகையும் ஊசியும் கொண்டு எப்படி எழுதுவது என்று அவள் காட்டினாள். வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும், தாளைத் திருப்பினால்தான் இடமிருந்து வலமாகப் படிக்க வரும். அன்று முழுக்க வகுப்பில் தவறு செய்தவர்கள் மற்றவர்கள்தான், திருத்தியவள் அவள்.

காது கேளாத பிள்ளையானால் சைகையில் பத்துச் சொல் கற்றுத்தரலாம். படிப்பு மெதுவாக வரும் பிள்ளை ஆடு வளர்ப்பதிலோ மாம்பழம் தரம் பிரிப்பதிலோ கெட்டிக்காரனாக இருக்கலாம், முதலமடைப் பக்கம் அப்படிப் பிள்ளைகள் உண்டு. தேடினால் ஏதாவது ஒன்று கிடைக்கும்.

பிள்ளைகள் தலையில் வைக்கக்கூடாதவை

கழிப்பறைக்கு உதவுவது, மருந்து கொடுப்பது, ஆளைத் தூக்குவது, செங்குத்தான சரிவில் நாற்காலியை இறக்குவது, கோபத்தில் அடிக்கிற பிள்ளையைப் பிடித்து நிறுத்துவது. இவை பெரியவர்களின் வேலை. ஆள் இல்லை என்பதற்காகப் பிள்ளைகளை விடாதீர்கள். ஆள் கேட்டு எழுதுங்கள்.

மாற்றுத்திறன் பிள்ளைகளிடம் தப்பாக நடந்துகொள்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களால் சொல்ல முடியாது என்ற தைரியத்தில். கூட்டாளிகள் எதையாவது பார்த்தாலோ கேட்டாலோ ரகசியமாக வைக்காமல் வந்து சொல்ல வேண்டும் என்று முதல் மாதமே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐச் சுவரில் எழுதி வையுங்கள்.

வாரம் ஒருமுறை கால் மணி நேரம் கூட்டாளிகளோடு உட்காருங்கள், சில வாரம் அந்தப் பிள்ளையும் சேர்ந்து. "இன்னைக்கு எனக்கு முடியல" என்று சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. சண்டை வந்தால் பதறாதீர்கள். "அவன் என் பென்சிலை எடுத்துட்டான்" என்று புகார் வருகிற அன்று எனக்கு உள்ளூர சந்தோஷமாகவே இருக்கும்.

வீட்டைவிட்டு வர முடியாத பிள்ளைக்கு

கேரளத்தில் சமக்ர சிக்ஷா என்ற அரசுப் பள்ளிக் கல்வித் திட்டம் வழியாகச் 'சங்ஙாதிக்கூட்டம்', அதாவது நண்பர் கூட்டம், என்று ஓர் ஏற்பாடு உண்டு. படுக்கையிலோ வீட்டுக்குள்ளோ இருக்கும் பிள்ளையைப் பார்க்க வகுப்புப் பிள்ளைகள் போவார்கள். ஓணத்துக்கு அப்படிப் போவது பல பள்ளிகளில் வழக்கம். நம் பிள்ளைகள் பொங்கலுக்கும் போகலாம். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை போய் பொட்டலம் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு வருவதில் எனக்கு விருப்பமில்லை. மாதம் ஒருமுறை, மூன்று பேர், ஒரு மணி நேரம், கையில் ஒரு விளையாட்டு. அது போதும். போட்டோ வேண்டாம்.

அலுவலக விஷயம் சுருக்கமாக. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கிறது. 21 வகைக் குறைபாடுகள் அதில் உண்டு. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசமாகப் படிக்க உரிமை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. எல்லையின் இரண்டு பக்கமும் செல்லும். மாநிலம் தரும் உதவித்தொகை மட்டும் குடியிருக்கும் மாநிலத்தில்தான். சிகிச்சை கோயம்புத்தூரில் என்பதற்காக அங்கே விண்ணப்பித்து அலையாதீர்கள். எதிலும் முதல் கதவு உங்கள் பி.ஆர்.சி.

மார்ச் மாதத்தில் ஒரு வேலை

பள்ளி மூடி ஜூனில் திறக்கும்போது வகுப்பும் டீச்சரும் மாறிவிடும், கட்டிய கூட்டம் கலைந்துவிடும். அதனால் மார்ச்சில் அடுத்த டீச்சருக்கு ஒரு தாள் எழுதி வைக்கிறோம். பிள்ளை சொல்லச் சொல்ல கூட்டாளிகள் எழுதுவார்கள். அந்தச் செருப்புப் பெண் சொன்னதில் கொஞ்சம் இங்கே, மணிக்கட்டைப் பிடித்து இழுத்த அதே பையனின் கையெழுத்தில்:

"எனக்கு முதல் பெஞ்சு வேண்டாம், ஜன்னல் பக்கம் போதும். போர்டில் எழுதும்போது வாயாலும் சொல்லணும். என் தட்டில் சாம்பாரைச் சோத்து மேல ஊத்தக்கூடாது, பக்கத்துல ஊத்தணும். கணக்குல எனக்கு உதவி வேண்டாம். இதை எழுதுறவனுக்குத்தான் வேணும், அதனால எங்க ரெண்டு பேரையும் ஒரே டிவிஷன்ல போடுங்க."